பக்கத்து சீட்டு பிரேக்

"யாரோ கதவைத் தட்டுறாங்க," என்றார் என் கணவர், சுவரைப் பார்த்து.

சுவரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாங்கள் பேசிக்கொள்வதில்லை. சில நாட்களாக எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை எல்லாம் சுவரோடும் ஃபேனோடும் ஃபிரிட்ஜோடும்தான் நடந்துகொண்டிருந்தது. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு, வேணும்கிறவங்க சாப்பிடலாம்" என்று நான் ஃபிரிட்ஜிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். "குளிக்க வேண்டியவங்க போகலாம், வெந்நீர் இருக்கு" என்று அவர் கொடியில் காயும் துண்டிடம் சொல்வார். பேசாமல் இருப்பது என்று முடிவெடுத்த பிறகு நாங்கள் பேசியதில் பாதிகூட அதற்கு முன்னால் பேசியதில்லை என்று இப்போது நினைத்தால் தோன்றுகிறது.

"கதவை யாரும் தட்டலை. காது இருக்கிறவங்களுக்குத் தெரியும்," என்று நானும் அதே சுவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, சத்தம் எனக்கும் கேட்டது. டக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு டக், டக். பூவேலை மெஷினின் ஊசிதான் எங்கேயோ இடிக்கிறது என்று நினைத்து மெஷினை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. முட்டி போட்டு மேசைக்கு அடியில் தலையை விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ விரல் கணுவால் மரியாதையாகத் தட்டுகிற மாதிரி. பதறி எழுந்ததில் மேசையில் தலையை இடித்துக்கொண்டேன்.

ஒரு கம்ப்யூட்டர் தட்டினால் இவளுக்கு எதற்கு இவ்வளவு பதற்றம் என்று தோன்றலாம். என் பிழைப்பே அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. சட்டை, தொப்பி, துண்டு என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அதில் பெயரோ முத்திரையோ நூலால் போட்டுக்கொடுப்பது என் தொழில். மெஷின் பெரிய மெஷின்தான், ஆனால் சொந்த புத்தி கிடையாது. இங்கே குத்து, அங்கே திரும்பு, இப்போது நீல நூலுக்கு மாறு என்று கம்ப்யூட்டர் ஒயர் வழியாகச் சொல்லச் சொல்லத்தான் தைக்கும். அப்படிச் சொல்லிக்கொடுக்கிற புரோகிராமைச் செய்து விற்ற கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. புதிதாக ஏற்றினால் "எங்கள் கம்பெனியைத் தொடர்புகொண்டு அனுமதி பெறவும்" என்று கேட்கும். எந்தக் கம்பெனியை, எங்கே போய்த் தொடர்புகொள்வது? ஆக, அந்தப் புரோகிராம் உலகத்தில் எனக்கு அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் உயிரோடு இருந்தது.

அதற்கு முன்னால் நான் ஒரு தையல் கடையில் வேலை செய்தேன். கடைக்காரம்மா கெட்டவள் இல்லை, ஆனால் பின்னால் வந்து நின்று மூச்சு விடுவாள். நான் ஊசியில் நூல் கோர்த்தால் அதற்கு ஒரு பெருமூச்சு, கத்தரியை எடுத்தால் அதற்கு ஒன்று. நான் விலகிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு, "போய்ட்டு வா. உன் நாற்காலி இங்கேதான் இருக்கும்," என்றாள். அன்பாகச் சொன்னாளோ சாபமாகச் சொன்னாளோ தெரியாது. அந்த நாற்காலி இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று அந்தத் தெருப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். இருக்கும். அதில் இப்போது ஒரு பூனை படுக்கிறது.

கம்ப்யூட்டர் தட்ட ஆரம்பித்த அன்றைக்குக் கையில் இருந்தது பஸ் கம்பெனி ஒன்றின் ஆர்டர். டிரைவர்களின் சட்டைக்கு நெஞ்சுப் பக்கத்தில் சிறகு முளைத்த சக்கரம். சக்கரம் சுலபம். சிறகுதான் படுத்தி எடுத்துவிட்டது. ஒவ்வோர் இறகுக்கும் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று யோசித்து யோசித்துத் திருத்தி, கடைசியில் பறக்கிற மாதிரியே வந்திருந்தது. பாதிச் சட்டை தைத்தாயிற்று, பாதி பாக்கி. புரோகிராம் போனால் பாக்கிப் பாதி டிரைவர்கள் சிறகில்லாமல் போக வேண்டியதுதான். நான் பூனையை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான்.

சரி, பேசாமல் இருந்த கதைக்கு வருகிறேன். என் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் இருப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவருக்கு ஸ்டீரிங், கியர், கிளச் என்று எல்லாம் உண்டு. மாஸ்டருக்கு அந்த ஒரு பிரேக்தான். வருஷக்கணக்காக அதையே அமுக்கி அமுக்கி அந்த மனிதரின் வலது கெண்டைக்கால் இடதைவிடக் கொஞ்சம் பருத்துவிட்டது. அது பரவாயில்லை. பிரேக் காரோடு நிற்கவில்லை, அதுதான் பிரச்சினை. நான் டம்ளரில் பால் ஊற்றினால், டம்ளர் நிரம்புவதற்கு முன்னால் அவர் கால் தரையை அமுக்கும். பஸ்ஸில் போனால் முன் சீட்டின் அடிக்கம்பியை மிதிப்பார். முடி வெட்டிக்கொள்ளப் போனால் கத்தரி காதுப் பக்கம் வரும்போது நாற்காலியின் கால்பலகையை ஓங்கி மிதித்து, நாற்காலியோடு சுற்றிப் போய்க் கண்ணாடியைப் பார்க்க வேண்டியவர் வாசலைப் பார்த்திருக்கிறார். வீட்டில் அவர் வழக்கமாக உட்காருகிற இடத்தில் கால்மிதியில் வலது பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டை.

இப்படிப்பட்டவரிடம் நான் கார் கற்றுக்கொள்ளப் போனது என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய விஷயம்தான். தைத்த சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒவ்வொரு முறையும் அவருக்கு ஓய்வு கிடைக்கும்வரை காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. நானே ஓட்டிக்கொண்டு போனால் என்ன என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். முதல் நாள் நாங்கள் போன வேகத்தில், கடைப் பையோடு நடந்துபோன ஒரு அம்மா எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, பாவம் என்பது போலத் தலையாட்டினாள். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, ரவுண்டானா. எல்லாப் பக்கமும் பார்த்தேன். வழி காலி. மனதுக்குள் ஒரு தைரியம் வந்து உள்ளே நுழைந்தேன். நட்டநடுவில் அமுக்கினார் பிரேக்கை. வண்டி குலுங்கி அணைந்து நின்றது. நாலு திசையிலிருந்தும் ஹாரன்.

"ஏங்க பிரேக் போட்டீங்க?"

"எதிர்ல ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு."

எதிரே ஒரு புறா நின்றுகொண்டிருந்தது. அதுவும் எங்களுக்கு வழி விட்டுவிட்டுத்தான் நின்றது.

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கி, அவர் உள்ளங்கையில் சாவியை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். தானும் இறங்கிச் சுற்றி வந்தால் ஹாரன் அடிக்கிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று, அவர் கியர் கம்பியைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு டிரைவர் சீட்டுக்கு வந்திருக்கிறார். வேட்டி கட்டியிருந்தார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பின்னால் நின்ற காரிலிருந்து அவரிடமே படித்த ஒருவன், "மாஸ்டர், முதல்ல நியூட்ரல்," என்று கத்தியிருக்கிறான். அந்த அவமானம் அவருக்கு. நடுரோட்டில் நின்ற அவமானம் எனக்கு. அன்றிலிருந்து சுவர்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் எப்போதும் அவசரத்தில் இருப்பாள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற மாட்டாள். வந்தாள், ஹெல்மெட்டோடு மேசைக்குக் கீழே குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். ஹெல்மெட் வழியாக என்ன கேட்டிருக்கும் என்று தெரியவில்லை. கேட்டுவிட்டது போல.

"உள்ள இருக்கிற டிஸ்க் போகப்போகுதுக்கா. இன்னிக்கோ நாளைக்கோ."

"கடைக்கு எடுத்துட்டுப் போய் சரி பண்ணித் தா."

"வழியில ஒரு குலுக்கு குலுங்கினாலே போயிடும். இங்க வெச்சே எல்லாத்தையும் எடுத்துடணும்."

டிசைனையெல்லாம் பென் டிரைவில் காப்பி செய்துகொண்டால் போதாதா என்று கேட்டேன். "பீரோவில இருக்கிற துணியைப் பெட்டியில எடுத்து வெக்கலாம். வீட்டை எடுத்து வெக்க முடியுமா? உங்க புரோகிராம் வீடு மாதிரிக்கா. மொத்த டிஸ்கையும் இருக்கிறது இருக்கிறபடி அச்சு எடுக்கணும்," என்றாள். அதற்கு என்ன புரோகிராம் வாங்க வேண்டும் என்றேன். ஒன்றும் வாங்க வேண்டாமாம். கம்ப்யூட்டரிலேயே இருக்கிறதாம். கண்ட்ரோல் பேனலுக்குள் போய், 'பேக்கப் அண்ட் ரெஸ்டோர்' என்று இருப்பதைத் திறந்து, ஓரத்தில் 'கிரியேட் எ சிஸ்டம் இமேஜ்' என்று இருப்பதை அழுத்தினால் போதுமாம். "முதல் நாள்லேர்ந்து உள்ளேயேதான் உட்கார்ந்திருக்கு. நீங்கதான் கூப்பிடவே இல்லை," என்றாள். சோப்பு டப்பா அளவில் ஒரு வெளி டிஸ்கைக் கையில் கொடுத்தாள். அச்சு இதற்குள் போகும். பல மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டரைத் தூங்கவிடக் கூடாது. "நடுவில யாரும் கை வெக்கக் கூடாது," என்று சொல்லும்போது ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவளும் அவரிடம்தான் கார் கற்றுக்கொண்டாள். கற்று முடித்தபின் ஸ்கூட்டர் வாங்கினாள்.

அவள் போன பிறகு என் கணவர் கொஞ்ச நேரம் அந்த சோப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரிடம் சொன்னார்: "அதாவது, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். பக்கத்து சீட்டு பிரேக் மாதிரி. நல்ல ஏற்பாடு."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவரை நான் கூப்பிடவில்லை. தானாகவே தன் நாற்காலியையும் அந்த ஓட்டைக் கால்மிதியையும் இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். போகச் சொல்ல வேண்டுமென்றால் பேச வேண்டும், அதனால் விட்டுவிட்டேன். சொன்ன இடத்தைத் திறந்தேன். சொன்னதை அழுத்தினேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இந்த டிஸ்கில் அச்சை வைக்க முடியாது என்றது. அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன். அவள் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, "டப்பா வேற மாதிரி ஃபார்மட்ல இருக்குக்கா. அதை மாத்தணும். என்.டி.எஃப்.எஸ்னு இருக்கும், அதைக் குடுத்து ஃபார்மட் பண்ணுங்க," என்றாள். செய்தேன். உடனே ஒரு கட்டம் முளைத்தது. இந்த டிஸ்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா?

நான் 'ஓகே'யை அழுத்துவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து 'கேன்சல்' அழுத்தியது. கீழே தரையில் தொப்பென்று கால் சத்தம்.

"எல்லாம் அழிஞ்சிடும்னு போட்டிருக்கே," என்றார் சுவரிடம், கொஞ்சம் அசடு வழிய.

"புது டிஸ்க்ல அழியறதுக்கு என்ன இருக்குன்னு யாராவது யோசிச்சாங்களா?" என்றேன் அதே சுவரிடம்.

"ஒண்ணுமில்லைதான். ஆனாலும் திடீர்னு கேட்டுச்சு."

மறுபடி போய், மறுபடி கொடுத்து, மறுபடி கட்டம் வந்து, இந்த முறை அவர் கையை என் முழங்கையால் தடுத்துக்கொண்டு அழுத்தினேன். டப்பா தயாரானது. கம்ப்யூட்டர் இப்போது சமாதானமாகி, எதையெல்லாம் அச்சு எடுக்கப்போகிறது என்று காட்டி, தொடங்கட்டுமா என்றது. "தொடங்கலாம், யாருக்கும் ஆட்சேபணை இல்லைன்னா," என்றேன் ஃபேனிடம். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. தொடங்கினேன்.

பச்சைக் கோடு ஒன்று இடது ஓரத்தில் புல் முளைத்த மாதிரி தலையைக் காட்டியது. அதை நான் பார்த்தேன், அவர் பார்த்தார். சீரியல் பார்க்கும்போதுகூட நாங்கள் இருவரும் ஒரே இடத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. கோடு நகர்கிறதா என்று பார்த்தால் நகராது. கண்ணைத் தேய்த்துவிட்டுப் பார்த்தால் கொஞ்சம் நகர்ந்திருக்கும். பெட்டிக்குள் அவ்வப்போது டக். ஒவ்வொரு டக்குக்கும் பக்கத்தில் கால் தரையை அமுக்கும். டக், தொப். டக், தொப். பெட்டியும் அவருமாகச் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணினார்கள். "பசிக்கிறவங்க போய்ச் சாப்பிட்டு வரலாம்" என்றேன். அவர் போய்ச் சாப்பிட்டு வந்தார். பிறகு நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டருக்கு முன்னாலேயே சாப்பிட்டேன். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி, மேசையைத் தாண்டி, சட்டைக் கட்டுகளின் மேல் போய் உட்கார்ந்தது. கோடு வலது ஓரத்தை நெருங்கிவிட்டது. விரற்கடை அளவுதான் பாக்கி. எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இந்த ஆளிடம் இனி பேசிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது பார்த்துப் பெட்டிக்குள் டக் டக் டக் என்று விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கோடு நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நிற்கட்டும், தானே நகரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தக் கை பாய்ந்து வந்தது. மவுஸ் அம்பு பறந்துபோய் 'ஸ்டாப் பேக்கப்' மேல் உட்கார்ந்தது. கீழே தொப்.

கோடு காணாமல் போனது. பேக்கப் நிறுத்தப்பட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது.

"ஏங்க," என்றேன். இத்தனை நாளில் அவரைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "ஏங்க நிறுத்துனீங்க?"

அவர் தன் கையையே பார்த்தார். வேறு யாரோ கொண்டுவந்து ஒட்டிவிட்ட கை மாதிரி.

"எதிர்ல ஏதோ வந்த மாதிரி இருந்துச்சு," என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்புதான் வந்தது, சத்தியமாக. அப்புறம் சிரிப்பு வந்த வழியிலேயே அழுகை வந்தது. அழுகையை மறைக்கக் கோபம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "இது போச்சுன்னா நான் எங்க போய் நிக்கணும் தெரியுமா? அந்தக் கடைக்காரம்மா முன்னாடி போய் நிக்கணும். திரும்பவும் என் முதுகுக்குப் பின்னால நின்னு அந்தம்மா மூச்சு விடும். அங்கேயும் பின்னால ஒரு ஆள், இங்கேயும் பக்கத்துல ஒரு ஆள். நான் ஒரு காரியத்தையாவது என் கையால முழுசா முடிக்கணுமா, வேண்டாமா?"

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூல் காரின் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தார். டிரைவர் சீட்டு காலி.

ஃபோனில் அந்தப் பெண், கம்ப்யூட்டரை அணைத்து ஆறவிட்டுத் திரும்ப ஒரு முறை முயற்சி பண்ணுங்கள், அதற்கு மேல் அந்த டிஸ்க் தாங்காது என்றாள். மாஸ்டர் எங்கே என்று கேட்டாள். காரில் என்றேன். "நல்ல இடம்," என்றாள்.

ஆறவிட்டேன். திரும்பத் தொடங்கினேன். மறுபடி புல் முளைத்தது. பக்கத்து நாற்காலி காலி. அமைதி. கையைத் தடுக்க வேண்டியதில்லை, முழங்கையை நீட்டி வைத்திருக்க வேண்டியதில்லை. இப்படி நிம்மதியாக இருந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். டக் அடித்தது, இருக்கட்டும் என்றேன். மறுபடி அடித்தது, அடித்துக்கொள் என்றேன். இருட்டிய பிறகு, கோடு முன்பு நின்ற அதே இடத்துக்கு வந்தது. அதே மாதிரி டக் டக் டக். அதே மாதிரி நின்றது.

நான் ஒன்றும் செய்யவில்லை. செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓட்டுவது கம்ப்யூட்டர். என் கையில் இருந்தது அந்த ஒரே ஒரு 'ஸ்டாப்'தான். பார்த்தால், மவுஸ் அம்பு அதன் மேல் நின்றுகொண்டிருந்தது. நான் எப்போது அங்கே கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியாது. நிறுத்திவிட்டால் இந்த டக் டக் நிற்கும், நிம்மதியாக மூச்சு விடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விரல் சொன்னது. காலில் ஏதோ வலிப்பது போல இருந்ததால் குனிந்து பார்த்தேன். என் வலது கால், அவர் விட்டுப்போன கால்மிதியின் ஓட்டைக்குள் கட்டைவிரல் போகும்படி, தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த மனிதர் மேல் அப்போது பாவமாக இருந்தது. ஸ்டீரிங்கும் இல்லாமல், கிளச்சும் இல்லாமல், முன்பின் ஓட்டத் தெரியாதவர்கள் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு, தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை அந்த ஒரு பிரேக்கை நம்பி உட்கார்ந்திருப்பது. நான் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். அவர் இன்னும் காரில்தான் இருந்தார்.

"யாராவது உள்ள வந்து உட்காரலாம்," என்றேன் காரின் கூரையைப் பார்த்து.

கார் கண்ணாடி இறங்கியது. "யாரைச் சொல்றாங்க?" என்று அவர் ஸ்டீரிங்கிடம் கேட்டார்.

"பிரேக் போடாதவங்களை."

யோசித்தார். இந்த நிபந்தனைக்குத் தான் தகுதியா என்று நிஜமாகவே யோசித்தார் என்று நினைக்கிறேன். பிறகு இறங்கி வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் தன் முழுப் பாரத்தையும் வைத்துக்கொண்டார். இருவரும் கோட்டைப் பார்த்தோம். டக் டக் டக். அவர் நெற்றியில் வியர்த்தது. "நகரும்," என்றார் மெதுவாக, சுவரிடம் இல்லை, என்னிடம். அவர் வாயிலிருந்து நகரும் என்று ஒரு சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

டக் டக் நின்றது. கோடு நகர்ந்தது. நகர்ந்து, ஓரத்தில் போய் முட்டியது. பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது. நாங்கள் இருவரும் அசையவில்லை.

"இறங்கலாமா?" என்றார் அவர், கையை எடுக்காமல்.

மறுநாள் காலையில் பெட்டி தட்டவில்லை. எதுவும் செய்யவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஏற்றுவதற்கு எதுவும் இல்லை என்று ஒரு வரி மட்டும் நின்றது. போகப்போகிறது என்று சொன்ன பெண்ணே புது டிஸ்கோடு வந்தாள். பழையதைக் கழற்றினாள். புதியதை மாட்டினாள். "அச்சு நல்லா விழுந்திருக்கான்னு திருப்பி ஏத்தினாத்தான் தெரியும்," என்றாள். அதை நேற்றே சொல்லியிருந்தால் நான் நேற்றே செத்திருப்பேன். தன் பென் டிரைவைச் செருகி, நீலத் திரை ஒன்றை வரவழைத்து, சோப்பு டப்பாவில் இருந்த அச்சைக் காட்டிக்கொடுத்தாள். கடைசியில் மறுபடி அந்தக் கட்டம். எல்லாம் அழிக்கப்பட்டு, பழையபடி ஏற்றப்படும், சம்மதமா? "நீங்களே அழுத்துங்கக்கா. உங்க வீடு," என்று எழுந்து நின்றாள். என் கணவர் யாரும் சொல்லாமலே கையைத் தொடைக்கடியில் கொடுத்துக்கொண்டார். நான் அழுத்தினேன்.

ஏறி முடிந்து கம்ப்யூட்டர் எழுந்தபோது, எல்லாம் அப்படி அப்படியே இருந்தது. அதே வால்பேப்பர், அதே மூலையில் அதே ஐகான்கள். நான் அழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருந்த குப்பைகூட ஒரு துண்டு குறையாமல் திரும்பி வந்திருந்தது. புரோகிராமைத் திறந்தேன். செத்துப்போன கம்பெனியைத் தொடர்புகொள்ளச் சொல்லவில்லை. எதுவுமே கேட்கவில்லை. சிறகு முளைத்த சக்கரம் திரையில் வந்து நின்றது. ஒரு சட்டையை மாட்டி மெஷினைத் தட்டினேன். ஊசி இறங்கியது. ஹெல்மெட்டுக்காரப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அவளுக்கு இவ்வளவு தலைமுடி இருந்தது எனக்கு அன்றுதான் தெரியும். முன்பே தைத்த சட்டையையும் புதுச் சட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து மூவரும் பார்த்தோம். எது பழையது எது புதியது என்று என் கணவரைக் கேட்டேன். தப்பாகச் சொன்னார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பாக்கிச் சட்டையெல்லாம் முடிந்த அன்று, மூட்டையாகக் கட்டி வாசலில் வைத்தேன். அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையை நீட்டினேன். சாவியைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"வேணும்கிறவங்க பக்கத்துல உட்காரலாம்," என்றேன்.

சாவி என் கைக்கு வந்தது. அவர் உள்ளே போய், சோப்பு டப்பாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். இது எதற்கு என்றேன். "ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாதில்ல. வீட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றார். நாம் இருவரும் ஒரே காரில்தானே போகிறோம் என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்து சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிக் கீழே விட்டு, இரண்டு காலையும் தூக்கி மேலே வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டை மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவருடைய பிரேக் கீழே தனியாகக் கிடந்தது, பக்கத்தில் அவர் செருப்பு.

தெரு முனையில் நடந்துபோன கடைப் பை அம்மாவை முந்தினேன். அவள் நின்று பார்த்தாள். டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் சம்மணம் போட்டுப் போகிற காட்சியை அவள் இன்னும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருப்பாள். ரவுண்டானா வந்தது. இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன். வழி காலி. நடுவில் புறா ஒன்று நின்றது. அதே புறாவா என்று எப்படிச் சொல்வது. அது எங்களைப் பார்த்தது. நான் கிளச்சிலிருந்து காலை எடுத்தேன். வண்டி உள்ளே நுழைந்தது. பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். மூட்டைக்கு மேல் தாடையை அழுத்தி, கண்ணை அகல விரித்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்மணத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது காலின் கட்டைவிரல் மட்டும், வெறும் காற்றை, விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது.